ராஜி

கஞ்சிக்கோட்டில் ராஜி என்றால் வேலையை விடுவது.
வாளையாறுக்கு இந்தப் பக்கம்
விட்டுக்கொடுத்துச் சேர்ந்துபோவது.
ஆறு வருடமாக எட்டிமடையில் ஏறி அங்கே இறங்குகிறேன்,
இப்படி ஒரு சொல்லில் மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை.

கர்க்கடக மழை. நோட்டீஸ் பலகையின் கண்ணாடி
உள்பக்கம் வியர்த்திருந்தது.
சுற்றறிக்கை மலையாளத்தில்,
எனக்கு வட்டம் வட்டமாக மட்டும் தெரிகிற எழுத்து.
கேஸ்கெட் பிரிவு ரம்லத் வாசித்தாள்:
முப்பது இனி தொண்ணூறு.
மொழிபெயர்க்க வேண்டியிராத இரண்டே சொற்கள்.

மறுநாள் ஒரு பேரேடு வந்தது.
பெயருக்கு நேராக ஒப்பு இட வேண்டுமாம்.
அவர்களுக்கு ஒப்பு என்றால் கையெழுத்து.
எங்களுக்குச் சம்மதம்.
பின்னால் நாற்பது பேர், ஃபோர்க்லிஃப்ட்டின் ஹாரன்,
நூலில் கட்டிய ஒரே பேனா.
நான் எந்த மொழியில் ஒப்பிட்டேன் என்பதை
இப்போது ஷைனி மேடம் சொல்கிறார்.

மலுமிச்சம்பட்டியில் ஒரு பம்பு கம்பெனி
ஒரு மாதம் காத்திருக்கும்.
மூன்று மாதம் காத்திருக்க நான் என்ன
துபாய் மாப்பிள்ளையா?
அங்கே நாலாயிரம் கூடுதல்,
மகள் தூங்குவதற்குள் வீடு.

"தொண்ணூறு நாள். இல்லையென்றால்
இரண்டு மாதச் சம்பளம் கட்டிவிட்டுப் போ."
ஷைனி மேடம் கெட்டவர் இல்லை.
ஓணத்துக்கு எனக்கென்று தனியாக
உப்பேரிப் பொட்டலம் எடுத்துவைப்பவர்.
அவருடைய முப்பதையும் தொண்ணூறாக்கிவிட்டார்கள்,
அந்தத் தாளை அவரே தட்டச்சு செய்தார்.

ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை,
இவற்றோடு ஒரு ஜவுளிக்கடைக் கவரில் கிடந்தது
என் நியமனக் கடிதம்.
பதினான்காம் பத்தி. முப்பது நாள். இரு தரப்புக்கும்.
கீழே அவர்களுடைய முத்திரை, என் கையெழுத்து,
கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு.
அந்த ஓரெழுத்தை மாற்றப் போனபோது
எத்தனை சான்று கேட்டார்கள், எத்தனை வரிசை.
முப்பதை மாற்ற
ஒரு குண்டூசி போதுமா?

பாலக்காட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்கு
அரை நாள் சம்பளம் போனது.
மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர் கடிதத்தைப் படித்தார்,
செல்ஃபோனில் இருந்த சுற்றறிக்கையைப் பெரிதாக்கிப் படித்தார்,
டீ குடித்தார்.
"இரண்டு பேர் எழுதியதை ஒருவர் திருத்த முடியாதே.
பேரேட்டின் தலைப்பு என்ன? சம்மதம் என்றிருந்ததா?"
வட்டமாக இருந்தது, சார்.
"படிக்கத் தெரிந்த யாரையாவது கேளுங்கள்."

கழிப்பறை வாசலில், நான்கு நிமிட இடைவேளையில்,
ரம்லத்தைக் கேட்டேன்.
"அறியிப்பு கிட்டியவர். அத்ரேயுள்ளு."
தகவல் கிடைத்தவர்கள். அவ்வளவுதான்.
அவள் தன் ஒப்பின் கீழே
'கண்டு' என்று வேறு எழுதிவைத்திருக்கிறாள்.
கண்டு. அவள் மொழியில் முடிந்த வினை:
பார்த்தேன், ஆளை விடு.
என் மொழியில் எச்சம்.
கண்டு பயந்து,
கண்டு சகித்து,
கண்டு

நேற்று ராஜியைக் கொடுத்தேன். இரண்டு படி,
பதினான்காம் பத்தியின் நகலோடு.
முத்திரை விழும்வரை நாற்காலியிலிருந்து எழவில்லை.
ஷைனி மேடம் மையை ஊதிக் காயவைத்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
கதவில் சாய்ந்து நின்ற மேலாளர் தணிகாசலம்,
பவானிக்காரர், நம் தமிழில் கூப்பிட்டார்:
"என்னம்மா, நாற்பத்தைந்துக்கு ராஜியாகிவிடலாமே?"
ஆகலாம் சார்.
ஆனால் கையில் இருப்பது மலையாள ராஜி.

சாயங்கால ரயில் வாளையாறு தாண்டி நின்றுவிட்டது.
யானை என்றார்கள்.
விடுவிப்புக் கடிதம் தருவார்களா,
கடைசிச் சம்பளத்தில் கை வைப்பார்களா, தெரியாது.
வைத்தால் எழுதிக் கொடுக்க ஒரு படிவம்
அதே ஜவுளிக்கடைக் கவரில் இருக்கிறது.
வெளியே யாரோ டார்ச் அடித்து
தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போகிறார்.
இன்னும் இருபத்தொன்பது.